கன்று போட்ட செய்தி முதலில் உங்களுக்கு வர வேண்டும்: புரூசெல்லோசிஸ் கண்காணிப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மிருக வைத்தியர் பணிமனைக்கோ பால் சங்கத்துக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம், மாடு ஆட்டின் சினையைக் கலைத்து மனிதருக்கும் காய்ச்சலாகத் தொற்றுகிற புரூசெல்லோசிஸ் நோயைப் பற்றிச் சொன்னால், உடனே கேட்பது இரத்தம் எடுத்து எங்கே அனுப்புவது என்றுதான். அதையும் சொல்கிறேன். அதற்கு முதல் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் பிரிவில் எங்கேயோ ஒரு வளவில் இன்று விடிய ஒரு மாடு ஏழாம் மாதத்தில் கன்றைப் போட்டிருந்தால் (கன்று போடுவது என்று நான் இங்கே சொல்வது காலத்துக்கு முதல் சினை கலைவதை), அந்தச் செய்தி பின்னேரத்துக்குள் உங்களுக்கு வந்து சேருமா? சேராது என்றால் ஆய்வுகூடத்தின் விலாசம் தெரிந்தும் பிரயோசனம் இல்லை. யாழ்ப்பாணத்தில் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக நான் வேலை செய்த வருடங்களில் கைவிட்டுப் போனவை எல்லாம் இந்த இடத்தில்தான் போயின. ஆகவே இதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப் போகிறேன்.

நோயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

புரூசெல்லா ஒரு பற்றீரியா. மாட்டில் பெரும்பாலும் புரூசெல்லா அபோர்ட்டஸ், ஆட்டிலும் செம்மறியிலும் புரூசெல்லா மெலிற்றென்சிஸ், பன்றியில் புரூசெல்லா சூயிஸ். மூன்றும் மனிதருக்குத் தொற்றும், ஆட்டிலிருந்து வருவதுதான் ஆளைக் கூடுதலாகப் படுத்தும். சினை மாட்டின் கருப்பையிலும் மடியிலும் குடியிருந்து, ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கன்றை வெளியே தள்ளிவிடும். அப்படி ஒருமுறை கன்று போட்ட மாடு அடுத்த தடவை பெரும்பாலும் நல்லபடி ஈனும், எல்லாரும் ஏமாறுவது இங்கேதான். வருத்தம் மாறிவிட்டது என்று நினைத்துக் கறக்கிற அந்த மாடு, பாலிலும் ஈனும்போது வருகிற நீரிலும் கிருமியை விட்டுக்கொண்டே இருக்கலாம்.

மால்டாத் தீவில் பிரித்தானியப் படையினரை வாட்டிய தீராத காய்ச்சலின் கிருமியை டேவிட் புரூஸ் 1887இல் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய இன்னும் 18 வருடம் எடுத்தது. 1905இல் தெமிஸ்டோக்ளஸ் சமிற் என்ற மால்டா வைத்தியர் பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த வருடம் படையினருக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், அவர்களிடையே காய்ச்சலும் சட்டென்று குறைந்தது. வீடு வீடாகப் போய் ஆடு நல்லாத்தானே நிற்கிறது என்ற பதிலைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும்.

மனிதருக்கு எப்படி வரும் என்பதும் சுருக்கமாக. இளங்கொடி (நஞ்சுக்கொடி), செத்த கன்று, ஈனும்போது வருகிற நீர் இவற்றைத் தொடும்போது கையில் உள்ள கீறல் வழியாகவும், கண்ணில் தெறித்தும், மூச்சோடும் போகும். காய்ச்சாத பாலாலும் வரும். ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவது மிக அரிது. தொற்றி 1 முதல் 4 கிழமைக்குள் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கும், சிலருக்கு மாதக்கணக்கும் எடுக்கும். காய்ச்சல் வந்து வந்து போகும், இரவில் பாயே நனையும் அளவுக்கு வியர்க்கும், நாரி பிடிக்கும், மூட்டு நோகும், சாப்பாடு பிடிக்காது, ஆண்களில் சிலருக்கு விதை வீங்கும்.

முதல் வேலை, ஒரு கொப்பி

உங்கள் பிரிவில் எத்தனை வீட்டில் மாடு ஆடு நிற்கிறது என்று எழுதுங்கள். வீட்டுக்காரர் பெயர், போன் இலக்கம், மாடு எத்தனை, அதில் சினை எத்தனை, ஆடு எத்தனை, காதில் குத்திய அடையாள இலக்கம், சினைக்கு ஊசி போட்டதா அல்லது நாம்பனிடம் விட்டதா, கடைசி ஒரு வருடத்தில் வெளியிலிருந்து வாங்கிய மிருகம் உண்டா. வாங்கியது வன்னியிலிருந்தா பக்கத்து ஊரிலிருந்தா என்பதையும் எழுத வேண்டும். இது இல்லாமல் ‘இந்த மாதம் 3 மாடு கன்று போட்டது’ என்று அறிக்கை எழுதினால், 30 சினை மாட்டில் மூன்றா 300இல் மூன்றா என்று கேட்பவருக்கு உங்களிடம் பதில் இருக்காது.

செய்தி யாரிடம் இருக்கிறது

நோயை அறிவிக்கச் சட்டம் இருக்கிறது, 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம். அதை ஒரு வீட்டுப் படலையில் நின்று சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை அந்த வீட்டில் நாய்தான் உங்களை வரவேற்கும். மாடு கன்று போட்டது தெரிந்தால் சங்கம் பாலை எடுக்காது, பக்கத்து வீட்டார் பால் வாங்க மாட்டார்கள், மாட்டை விற்கவும் முடியாது. இந்தப் பயம் நியாயமானது. இரண்டு மாட்டை வைத்துப் பிள்ளையைப் படிப்பிக்கிற தாய்க்கு அது வருமானம்.

சங்கானைப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஆட்டுக்குப் பூச்சி மருந்து கொடுக்கப் போயிருந்தேன். கொட்டிலில் நின்ற சிவப்புப் பசுவின் வால் அடியில் கபில நிறத்தில் ஒழுகிக் காய்ந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. கன்று இல்லை. என்னம்மா நடந்தது என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு மெதுவாக, "அது கண்ணூறு தம்பி. போன கிழமை போட்டுட்டுது. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். கன்றை என்ன செய்தீர்கள் என்றால், பின் வேலிக்கு அங்கால எறிந்ததாகச் சொன்னார். இளங்கொடி இறங்காமல் இரண்டு நாள் கிடந்து, அயலில் ஒருவர் வெறுங்கையை விட்டு எடுத்திருக்கிறார். ஒரு கிழமை கழிந்துவிட்டது, நான் பூச்சி மருந்துக்குப் போகாவிட்டால் அதுவும் தெரிந்திருக்காது.

அதனால் வீட்டுக்காரர் வந்து சொல்லும்வரை காத்திருக்காமல் செய்தி இயல்பாகப் போகிற இடங்களில் நீங்கள் இருக்க வேண்டும். காலையில் பால் எடுக்கிறவருக்கு எந்த வீட்டுப் போத்தல் திடீரென்று வரவில்லை என்பது தெரியும். சினை ஊசி போடுகிறவருக்கு, சினை என்று உறுதிப்படுத்திய மாடு மறுபடி ஊசிக்கு வந்தால் தெரியும், அது பெரிய தடயம். மாட்டுப் பரியாரியாருக்கும் இளங்கொடி எடுக்கக் கூப்பிடப்படுகிறவருக்கும் எல்லாருக்கும் முதல் தெரியும். ஆடு வாங்கி விற்கிறவரையும் விடாதீர்கள். இவர்களைக் கிழமைக்கு ஒருமுறை நீங்களே கூப்பிட்டுக் கதையுங்கள், ஒன்றும் இல்லை என்றால் ‘ஒன்றும் இல்லை’ என்று திகதியோடு எழுதுங்கள். வெறுமையாக விட்ட பக்கத்தைப் பார்த்து, நோய் இல்லாததால் வெறுமையா கேட்காததால் வெறுமையா என்று ஆறு மாதத்துக்குப் பிறகு உங்களுக்கே தெரியாமல் போகும்.

எதைச் செய்தி என்று எடுப்பது? மாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள், ஆட்டுக்கு 150 நாள். மாட்டில் ஐந்தாம் மாதம் கழிந்து போடுவது, ஆட்டில் கடைசி இரண்டு மாதத்துக்குள் போடுவது, நாள் சரியாக இருந்தும் செத்துப் பிறப்பது அல்லது பிறந்து ஓரிரு நாளில் சாவது, இளங்கொடி ஒரு நாளைக்கு மேல் இறங்காமல் நிற்பது, நாம்பனின் விதை வீங்குவது, மாட்டின் முழங்காலில் பந்துபோல வீக்கம் வருவது. இவற்றில் ஒன்று இருந்தால் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே பட்டியில் இரண்டு என்றால் அன்றைக்கே.

கொட்டிலுக்குள் போகும்போது

நீண்ட கையுறை, முகக்கவசம், கண்ணாடி, பூட்ஸ். கையுறை முழங்கைவரை இல்லையென்றால் நல்ல சொப்பிங் பையை மேலே சுற்றிக் கட்டுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் இன்னொருவரை அனுப்புங்கள். கர்ப்பிணிகளையும் சிறுபிள்ளைகளையும் அப்பால் போகச் சொல்லுங்கள், நாயைக் கட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது இளங்கொடி. இதை நிதானமாக வாசியுங்கள். எங்கள் ஊரில் மாடு ஈன்றால் இளங்கொடியைச் சாக்கிலோ வைக்கோலிலோ சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மடியிலும் பால் வடியும் என்று ஒரு நம்பிக்கை. சில ஆலமரங்களில் பத்துப் பதினைந்து மூட்டை தொங்கும், அடியில் காகமும் நாயும் நிற்கும், கீழே விழுந்ததைத் தெருநாய் அடுத்த ஒழுங்கைக்கு இழுத்துக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். தொற்றிய மாட்டின் உடம்பில் கிருமி மிகக் கூடுதலாக இருக்கிற இடமே இந்த இளங்கொடியும் அதோடு வருகிற நீரும்தான். ஆனால் அந்த வீட்டாரிடம் போய் இது மூடநம்பிக்கை என்று சொல்லாதீர்கள். நான் இப்படிச் சொல்வேன்: "அம்மா, நிறை மாதத்தில் நல்லபடி ஈன்றால் கட்டுவதுதானே வழக்கம். இது காலத்துக்கு முதல் போட்டது, இதைக் கட்டக்கூடாது, தாட்டுவிடுவோம்." யாரும் மறுத்தது கிடையாது. நல்லபடி ஈன்ற மாட்டின் இளங்கொடியையும் தாட்பதுதான் பாதுகாப்பு, அதற்கு அடுத்த அடுத்த தடவைகளில் கதைத்து வழிக்குக் கொண்டுவரலாம்.

தாட்பதிலும் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நாங்கள் குடிப்பது கிணற்றுத் தண்ணீர், கீழே சுண்ணக்கல், மேலே விட்டது எல்லாம் வெடிப்பு வழியே சீக்கிரம் கீழே இறங்கும். கிணற்றிலிருந்து 30 மீற்றருக்குக் குறையாத தூரத்தில், 1 மீற்றருக்கு மேல் ஆழமாகத் தோண்டி, அடியிலும் மேலேயும் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். வலிகாமத்தில் பல வளவுகளில் இரண்டு அடியில் கல் தட்டும், வளவும் சிறியது. அப்படியான இடத்தில் தென்னமட்டை, பனைமட்டை அடுக்கி முழுதாக எரித்துவிடுங்கள், அரைகுறையாகக் கருகியதை நாய் இழுக்கும்.

கிடந்த வைக்கோலையும் அதோடு எரியுங்கள். நிலத்தில் இருக்கிற சாணத்தை முதலில் வழித்து எடுத்த பிறகுதான் குளோரின் கரைசல் ஊற்ற வேண்டும், சாணத்தின் மேல் ஊற்றினால் குளோரினின் வேகம் போய்விடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணற்றுக்குப் போடுகிற ரி.சி.எல். தூள் இதற்கும் போதும். நேரடி வெயில் இந்தக் கிருமியைச் சீக்கிரம் கொல்லும், நிழலான ஈரக் கொட்டிலில் நீண்ட நாள் உயிரோடு கிடக்கும், ஆகவே மேலே போட்ட கிடுகை ஒரு பக்கம் விலக்கி வெயில் விழ விடுங்கள். மாட்டை ஒழுக்கு நிற்கும்வரை வேறாகக் கட்டச் சொல்லுங்கள்.

மாதிரி எடுத்தல்

இரத்தம் எடுப்பது மிருக வைத்தியரோ அவரின் கீழ்ப் பயிற்சி பெற்றவரோ. ஒரு மாட்டுக்கு 5 முதல் 10 மில்லிலீற்றர், மருந்து எதுவும் போடாத வெறுங்குழாயில். குழாயைச் சரித்து வைத்து உறைய விடுங்கள். மேலே தெளிந்து வரும் சீரம்தான் வேண்டும். குலுக்கக்கூடாது, உறைகிறதற்கு முதல் ஐஸில் வைக்கக்கூடாது, முழு இரத்தத்தை ஃப்ரீசருக்குள் போடவே கூடாது. மோட்டார் சைக்கிள் கரியரில் வைத்து வல்லை வெளி மேடுபள்ளம் எல்லாம் குலுக்கிக்கொண்டு வந்தால் சீரம் சிவந்துபோய்ச் சோதனைக்கு உதவாது, ரெஜிபோம் பெட்டிக்குள் நிமிர்த்தி அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். செத்த கன்றின் இரைப்பை நீர், சுவாசப்பை, மண்ணீரல், இளங்கொடியின் ஒரு துண்டு இவற்றிலும் கிருமியைத் தேடலாம், அதை மிருக வைத்தியர்தான் எடுக்க வேண்டும், கன்றை நீங்களாக வெட்டிப் பார்க்க வேண்டாம்.

ஒவ்வொரு குழாயிலும் காது இலக்கம், திகதி, வீட்டு இலக்கம். ஒருமுறை நான் சாதாரண பேனையால் எழுதி ஐஸோடு அனுப்பினேன், ஈரத்தில் மை கரைந்து ஐந்து குழாயும் ஐந்து அநாமதேயங்களாகப் போய்ச் சேர்ந்தன. மறுபடி அந்த வீடுகளுக்குப் போய் மாட்டுக் கழுத்தில் ஊசி குத்தக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மை அழியாத பேனை, மேலே தெளிவான ரேப், பெட்டிக்குள் அதே பட்டியல் பிளாஸ்ரிக் உறையில். பெட்டி யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைவரை போக வேண்டி வரலாம் என்று நினைத்துப் பொதி செய்யுங்கள், கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கன்னொறுவையில்தான் இருக்கிறது.

இன்னொன்று, இதைப் பலர் விட்டுவிடுவார்கள். கன்று போட்ட நாளில் எடுத்த இரத்தத்தில் நோய் இருந்தும் காட்டாமல் போகலாம், சோதனை தேடுகிற எதிர்ப்பொருளை, அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்குவதை, மாடு அப்போதுதான் உண்டாக்கிக்கொண்டிருக்கும். முதல் முடிவு இல்லை என்று வந்தாலும் 3 கிழமை கழித்து மறுபடி எடுக்க வேண்டும். கொப்பியில் அந்தத் திகதியை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

பாலில் ஒரு சோதனை

ஒவ்வொரு மாட்டையும் குத்தாமல் ஊர் முழுவதையும் பார்க்க ஒரு மலிவான வழி பால் வளையச் சோதனை. சங்கத்தில் சேரும் பாலில் வீடு வீடாகவோ கூட்டாகவோ மாதிரி எடுத்து, கறந்த உடனே சோதிக்காமல் குளிரில் ஒரு நாள் வைத்து, 1 மில்லிலீற்றர் பாலுக்கு 30 மைக்ரோலீற்றர் சாயமிட்ட அன்டிஜன் (கொன்ற புரூசெல்லா கிருமியால் செய்த சோதனைத் திரவம்) சேர்த்து, 37 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் விடுவார்கள். மேலே ஏறி நிற்கும் ஆடை நீலமாகி, கீழே பால் வெள்ளையாக நின்றால் சந்தேகம் உண்டு. முழுக்க ஒரே நீலமாக இருந்தால் இல்லை. காய்ச்சிய பால், உறைய வைத்த பால், குலுக்கிய பால், 3 நாளுக்கு மேல் வைத்த பால் எதுவும் சரிவராது. கடும்புப் பாலும் மடிவீக்கம் உள்ள மாட்டின் பாலும் பொய்யாகக் காட்டும். ஆட்டுப்பாலுக்கு இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

இங்கே ஒரு வீட்டில் ஒன்று இரண்டு மாடுதான் என்பதால், கூட்டுப் பாலில் நீலம் வந்தால் எந்த வீடு என்று திரும்பப் போய்த் தேட வேண்டும். பால் எடுக்கிறவர் எந்தக் கானில் எந்த வீட்டுப் பால் விட்டார் என்பதை எழுதுகிற பழக்கம் இருந்தால் ஒரு நாளில் முடிகிற வேலை, இல்லாவிட்டால் ஒரு கிழமை.

முடிவு கையில் வந்தால்

முதலில் செய்வது பெரும்பாலும் ரோஸ் பெங்கால் சோதனை. வெள்ளை ஓட்டில் ஒரு துளி சீரம், ஒரு துளி இளஞ்சிவப்பு அன்டிஜன், 4 நிமிடம் அசைத்தால் மணல் மணலாகத் திரளும். திரண்டது என்பதற்காக அன்றைக்கே அந்த வீட்டில் போய் உங்கள் மாட்டுக்கு நோய் என்று சொல்லக்கூடாது. எஸ் 19 தடுப்பூசி போட்ட மாட்டிலும் திரளலாம், வேறொரு கிருமியாலும் திரளலாம். எலைசா போன்ற இரண்டாவது சோதனையால் உறுதியான பிறகு, மிருக வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

உறுதியான மாட்டை மருந்தால் நம்பிக்கையாகச் சுகப்படுத்த முடியாது. அதை விற்றுவிடுவதுதான் ஆட்களுக்கு முதலில் தோன்றும், விற்றால் நோய் தென்மராட்சிக்கோ தீவுப்பக்கமோ போகும், அங்கே உங்களைப்போல் ஒருவர் மறுபடி தொடக்கத்திலிருந்து தேட வேண்டும். காது இலக்கத்தைப் பக்கத்துப் பிரிவுப் பணிமனைகளுக்கும் கொடுத்து வையுங்கள். புதிதாக மாடு வாங்குகிறவர்களுக்கு, வாங்க முதல் சோதியுங்கள், 30 நாள் வேறாகக் கட்டி மறுபடி சோதியுங்கள் என்று அலுக்காமல் சொல்லுங்கள்.

தடுப்பூசி பற்றி ஒரு எச்சரிக்கை. எஸ் 19, ஆர்பி 51, ஆட்டுக்குப் போடும் ரெவ் 1 மூன்றும் உயிருள்ள கிருமி. ஊசி உங்கள் விரலில் குத்தினாலோ கண்ணில் தெறித்தாலோ கழுவிவிட்டு அன்றைக்கே டொக்டரிடம் போங்கள், எந்தத் தடுப்பூசி என்று பெயரைச் சொல்லுங்கள். ஆர்பி 51 ரிஃபம்பிசினுக்கும் ரெவ் 1 ஸ்ரெப்ரோமைசினுக்கும் அடங்காது, பெயர் தெரியாமல் டொக்டர் சரியான குளிசையைத் தெரிவுசெய்ய முடியாது.

வீட்டு ஆட்கள்

மாட்டைப் பார்க்கப் போனால் ஆட்களையும் கேட்க வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் வந்து வந்து போகிற காய்ச்சல் யாருக்கும் உண்டா, இரவில் வியர்க்கிறதா, இளங்கொடி எடுத்தவர் எப்படி இருக்கிறார், பச்சையாகப் பால் குடிக்கிறார்களா. ஆட்டுப்பாலைப் பிள்ளைக்கு மருந்தென்று காய்ச்சாமல் கொடுக்கிற வீடுகள் இன்னும் உண்டு. ஒரு கொதி பொங்கக் காய்ச்சினால் போதும், 63 பாகையில் அரை மணித்தியாலமே இந்தக் கிருமிக்கு அதிகம்.

காய்ச்சல் உள்ளவரை வெறுமனே டொக்டரிடம் போங்கள் என்று அனுப்பாதீர்கள். ‘இந்த வீட்டில் இன்ன திகதியில் மாடு கன்று போட்டது, இவர் இளங்கொடி எடுத்தார்’ என்று இரண்டு வரி எழுதிக் கையில் கொடுங்கள். எங்கள் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் என்று பல இருக்கின்றன, அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் புரூசெல்லா யாருடைய நினைவுக்கும் வராது. ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பவருக்கும் அது ஆபத்து, முன்கூட்டித் தெரிந்தால் கவனமாகக் கையாளுவார்கள். சிகிச்சை பெரும்பாலும் இரண்டு மருந்து, 6 கிழமை. காய்ச்சல் முதல் கிழமையிலேயே விட்டுவிடலாம், அதோடு குளிசையை நிறுத்தியவருக்கு மறுபடி வரும். ஆறு கிழமையும் நீங்கள் ஒரு போன் எடுத்துக் கேளுங்கள்.

இரண்டு பணிமனைகளும் கதைக்க வேண்டும்

2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, வடமராட்சிப் பக்கம் காய்ச்சலோடு வந்தவர்களில் சிலர் இறந்தபோது முதலில் என்ன காய்ச்சல் என்றே தெரியவில்லை, பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலிக்காய்ச்சலுக்கு ஒரு பாதை ஏற்கனவே இருக்கிறது. சந்தேகம் வந்தாலே வைத்தியசாலை எச் 544 படிவத்தில் அறிவிக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரித்து எச் 411 நிரப்புவார், கிழமைக்கு ஒருமுறை எச் 399இல் தொகுத்துத் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். பரிசோதகராக வரும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள்: அந்த வீட்டு வளவில் கொட்டில் தெரிந்தால், கடைசி மூன்று மாதத்தில் மாடோ ஆடோ காலத்துக்கு முதல் போட்டதா என்று ஒரு கேள்வி கூடக் கேளுங்கள். எலிக்காய்ச்சல் கிருமியும் மாட்டைக் கன்று போட வைக்கும், ஆகவே அந்த ஒரு கேள்வியில் இரண்டு நோயும் அகப்படும். ஆம் என்றால் அன்றைக்கே மிருக வைத்தியர் பணிமனைக்கு ஒரு போன். மிருக வைத்தியர் பக்கத்திலிருந்தும் அதேபோல, கன்று போட்ட வீட்டு விலாசம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு. இதற்குக் கூட்டம், கடிதத் தலைப்பு ஒன்றும் வேண்டாம், இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருவரின் போன் இலக்கம் மற்றவரிடம் இருந்தால் சரி.

அப்புறம், முடிவைக் கொண்டுபோய்க் கொடுங்கள். இரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை என்பதுதான் நான் படலைகளில் கூடுதலாகக் கேட்ட குறை. அந்தச் சங்கானை அம்மாவின் மாட்டுக்கு முதல் இரத்தத்தில் இல்லை என்று வந்தது. நான் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டி, மூன்று கிழமையில் இன்னொருமுறை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். குறித்த நாளில் போனபோது மாட்டை நிழலில் கட்டி, கழுத்தைக் கழுவி வைத்திருந்தார். பக்கத்து வீட்டு அக்காவும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, தன்னுடைய மறியாடு நேற்று இரவு காலத்துக்கு முதல் குட்டி போட்டுவிட்டது, ஒருக்கா வந்து பாருங்கோ தம்பி என்று கூப்பிட்டார்.